ஓபன்ஸ்டாக்கா, வட்டில்லாக் கணினியா?

இரண்டுமே சர்வரை நம்பியவைதான்; ஆனால் தீர்க்கும் சிக்கல் வேறு. 2010-இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் தொடங்கிய ஓபன்ஸ்டாக், பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து, கேட்டவுடன் மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாகும் கணினிகள்) தரும். நோவா (மெய்நிகர் கணினிகளுக்கு), நியூட்ரான் (நெட்வொர்க்குக்கு), சிண்டர் (சேமிப்புக்கு) என்று பாகங்கள் ஏராளம். பராமரிக்கத் தனி ஆளே வேண்டும்.

வட்டில்லா முறை, அதாவது கணினியில் ஹார்ட் டிஸ்க் இல்லாமல் சர்வரிலிருந்தே இயங்குவது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டு டிஹெச்சிபி (நெட்வொர்க் முகவரி வழங்கும் முறை) வழியாக முகவரி பெறும். டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக, கணினியைத் தொடக்கும் பூட் நிரலை இறக்கும். அப்புறம் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுந்து, கோப்புகளை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மூலம் சர்வரிலிருந்தே படிக்கும். சர்வரில் ஒரே ஒரு இமேஜை (இயங்குதளமும் மென்பொருட்களும் அடங்கிய தொகுப்பு) புதுப்பித்தால் போதும், மறுமுறை பூட் ஆகும்போது 40 கணினிகள் இருந்தாலும் எல்லாமே புதிதாகிவிடும். வகுப்பறை, ஆய்வகம் என்றால் இதையே எடுங்கள். சர்வர் நின்றால் எல்லாமே நிற்கும். அதனால் மாற்று சர்வர் கட்டாயம்.

பல குழுக்கள், அடிக்கடி மாறும் வேலைப்பளு என்றால் சரி, ஓபன்ஸ்டாக்.