ஆமைக்கு ஒரு சூரியன் வாங்கிய கதை

கண்ணாடித் தொட்டி, அடியில் ஒட்டும் வெப்பப் பாய், சுருள் பல்பு ஒன்று, மரப்பட்டைத் தூள் ஒரு மூட்டை, பச்சை நிற உருண்டைத் தீனி ஒரு டப்பா, பாறை மாதிரி செய்த தண்ணீர்க் கிண்ணம். "முதல் ஆமைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது" என்று சொல்லி 185 பவுண்டுக்கு ஒரு செல்லப்பிராணிக் கடையில் எனக்கு விற்ற ஸ்டார்ட்டர் கிட் இதுதான். கடைப் பெயர் வேண்டாம். இரண்டு குளிர்காலம் ஆமை வளர்த்து முடித்த பிறகு சொல்கிறேன்: அந்தப் பெட்டியில் ஆமைக்கு உண்மையில் பயன்பட்டது கிண்ணம் மட்டும்தான். அதுவும் கொஞ்சம் ஆழம் அதிகம். கூழாங்கல் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்டீனில். இங்கே ஜூலையிலேயே பகல் வெப்பம் சராசரியாக 18 டிகிரியைத் தொட்டால் பெரிது. டிசம்பரில் சூரியன் காலை 8:45 வாக்கில் எழுந்து மாலை 3:30-க்குள் போய்விடும். இடையில் கடலிலிருந்து ஹார் என்று இவர்கள் சொல்லும் மூடுபனி ஏறிவந்தால் அந்த வெளிச்சமும் இல்லை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒன்பது வயது மகள், மத்தியதரைக் கடல் வெயிலில் பிறக்க வேண்டிய ஒரு பிராணியைக் கேட்டாள். நாய் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆமை என்றால் வேலை குறைவு என்று நினைத்தேன். சரி, அந்த நினைப்பின் விலைதான் மேலே சொன்ன 185 பவுண்டு.

நல்லவேளை, ஆமையை அந்தக் கடையில் வாங்கவில்லை. அங்கே இருந்தவை ஹார்ஸ்ஃபீல்டு ஆமைகள். மத்திய ஆசியப் புல்வெளிக்காரர்கள், முன்காலில் நான்கே நகம், மண்ணைத் தோண்டுவதில் அசகாய சூரர்கள். 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றி வந்தவை இந்த இனம்தான் என்று மகளிடம் சொல்லி நானே ஆவலைக் கிளப்பிவிட்டேன். ஆனால் ஈரம் இவற்றுக்கு ஆகாது. அபர்டீனில் ஈரத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதோடு, கடைக்கு வரும் ஹார்ஸ்ஃபீல்டுகள் பல உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து இறக்குமதியாகின்றன. இவை எங்கே பிறந்தவை என்று கேட்டதற்குக் கடைப் பையன் "சப்ளையரிடமிருந்து" என்றான். திரும்பி வந்துவிட்டோம். கிட்டை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டு.

ஆமை கிடைத்தது ஃபைஃப் பக்கம் ஒரு கிராமத்தில், பல வருடமாக ஹெர்மன் என்ற மத்தியதரைக் கடல் பக்கத்து ஆமைகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஒரு முதியவரிடம். இவருக்கு ஐந்து நட்சத்திரம், கூட ஒன்று இருந்தால் அதையும் கொடுப்பேன். போனில் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "பெட்டியை முழுதாகத் தயார் செய்யுங்கள். விளக்குக்கு அடியில் எவ்வளவு, மறு கோடியில் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று மூன்று வெப்ப அளவையும் போட்டோவோடு அனுப்புங்கள். அப்புறம் பேசலாம்" என்றார். பெருமையோடு கிட்டை மாட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டியதை இங்கே எழுதாமல் விட்டால் பாவம்.

கண்ணாடித் தொட்டி: ஆமைக்குக் கண்ணாடி என்பது புரியாது. வெளியே தெரிவதை நோக்கி நாள் முழுக்க முட்டிக்கொண்டே நடக்கும். உயரச் சுவர், சிறிய தரை என்பதால் சூடான மூலை, குளிர்ந்த மூலை என்ற வித்தியாசமும் சரியாக வராது.

வெப்பப் பாய்: வெயில் மேலிருந்துதான் வரும் என்பது ஆமையின் உடம்புக்குத் தெரிந்த கணக்கு. சூடு அதிகமானால் மண்ணுக்குள் புகுந்து தப்பிக்கும். அடியிலேயே சூட்டை வைத்தால் அது எங்கே போகும்?

மரப்பட்டைத் தூள்: தோண்டினால் சரியும், வாயில் போகும். உருண்டைத் தீனி: அவர் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

சுருள் பல்பைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆமையின் ஓடு எலும்பு. எலும்புக்குக் கால்சியம் வேண்டும், கால்சியம் உடம்பில் சேர டி3 வைட்டமின் வேண்டும், டி3 உருவாகத் தோலில் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் பட வேண்டும். அது இல்லாத ஆமைக்கு ஓடு மெத்தென்று ஆகும், வளையும், கால் தளர்ந்துபோகும். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். எல்லோரும் கேட்பதுதான் போல. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேண்டியது மட்டும் வராது. கிட்டில் இருந்த குட்டி சுருள் பல்போ உள்ளங்கை அகலத்துக்கு மேல் கதிரைப் பரப்பாது. ஆமை அதன் கீழேயே தவம் கிடந்தால்தான் உண்டு.

மறுநாள் கிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், பலனில்லை.

இனி நான் பாராட்ட வேண்டியவை. முதலாவது, பழைய புத்தக அலமாரி. இரண்டாம் கை, 15 பவுண்டு. தட்டுகளைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தால் 2 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலத்தில் அருமையான ஆமை மேசை. உள்ளே குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பு, அதன் மேல் ரசாயனம் கலக்காத தோட்ட மண்ணும் குழந்தைகள் விளையாடும் மணலும் கலந்து 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினோம். மண்ணை அவ்வப்போது நனைக்க வேண்டும். காய்ந்த காற்றில் வளரும் குஞ்சின் ஓடு மேடு மேடாக, கோபுரம் மாதிரி எழும்பிவிடும். சோபாவை நகர்த்தித்தான் இதற்கு இடம் வந்தது. அதைப் பற்றி என் மனைவியின் மதிப்புரை தனி.

இரண்டாவது, விளக்கு. ஆர்க்கேடியா நிறுவனத்தின் 12 சதவீத யுவிபி குழல் விளக்கை (டி5 என்ற மெல்லிய வகை), பிரதிபலிப்பானோடு, 60 பவுண்டுச் சொச்சத்துக்கு வாங்கினேன். மேசையின் பாதி நீளத்துக்கு யுவிபி விழுகிறது. அதன் பக்கத்திலேயே 80 வாட் சூட்டு பல்பு. அதன் நேர் கீழே ஒரு தட்டைக் கல். கல்லின் மேல் 33 டிகிரி, மறு கோடியில் 20. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை டைமரில் ஓடுகிறது. இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட் மின்சாரம். இரவில் விளக்கு எதுவும் இல்லை. வீடு 13 டிகிரிக்கு இறங்கினாலும் எங்கள் ஆமை சுப்பையா மண்ணுக்குள் புகுந்து தூங்குகிறார். ஒரே குறை: குழல் எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் வருடம் ஒன்று ஆவதற்குள் யுவிபி குறைந்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழலின் முனையில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

சுப்பையா என்பது மகள் வைத்த பெயர், என் தாத்தாவுடையது. முகச்சாயலைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. ஆணா பெண்ணா என்பது இன்னும் தெரியாது. இந்த இனத்தில் முட்டை இருந்த சூட்டைப் பொறுத்துத்தான் அது முடிவாகும். வெளியே தெரிய வருடங்கள் ஆகும். டெவனில் பவுடர்ஹாம் கோட்டையில் 2004 வரை வாழ்ந்த பிரபல ஆமை டிமத்தி, பெண் என்று தெரிந்ததே 1926-ல்தான். ஆகவே பாட்டியாகவும் இருக்கலாம்.

காகித விஷயம் ஒன்று. ஹெர்மன் ஆமை பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால், அதை இங்கே விற்க ஆர்ட்டிகிள் 10 என்ற அனுமதிச் சான்றிதழ் கட்டாயம். முதியவர் அதைக் கையில் கொடுத்த பிறகுதான் 150 பவுண்டை வாங்கினார். அடி ஓடு 100 மில்லிமீட்டரைத் தொட்டதும் மைக்ரோசிப் வைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். சான்றிதழ் இல்லாமல் யாராவது ஹெர்மன் விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் நட்சத்திர ஆமை காட்டுயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். இந்தியாவில் யார் விற்றாலும் அதை வாங்கி வளர்ப்பது குற்றம்.

தீனிக்குச் செலவே இல்லை. டேன்டிலையன் என்ற மஞ்சள் பூக் களையின் இலையும் பூவும், மருந்து அடிக்காத தரையில் பறித்தது. பிளான்டைன் இலை நல்லது என்று முதியவர் எழுதிக் கொடுத்திருந்தார். இங்கே வாழை இலைக்கு எங்கே போவது என்று இரண்டு நாள் குழம்பினேன். அது நடைபாதை ஓரத்தில் முளைக்கும் ஒரு களை. பழம், தக்காளி எல்லாம் கிடையாது, இந்த இனத்துக்கு வயிறு கெடும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு, அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று தருவார்களே, அதுவே. இங்கே பறவைத் தீனிப் பகுதியில் கிடைக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை வெயில் அடிக்கும் நாட்களில் தோட்டத்தில், பாலிகார்பனேட் மூடி போட்ட ஒரு சின்னக் கூண்டு. வெளியே 14 டிகிரி இருந்தாலும் வெயில் பட்டால் உள்ளே 28 வந்துவிடுகிறது. மூடியைக் கொஞ்சம் திறந்துவைக்க மறக்கக் கூடாது. மேலே கம்பி வலை அவசியம். அபர்டீன் கடற்காக்கைகள் கையில் இருக்கும் சாண்ட்விச்சையே பிடுங்குபவை.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டி. ஆமாம், ஃபிரிட்ஜ். ஹெர்மன் ஆமை இயற்கையில் குளிர்காலத்தில் உறங்கும். கொட்டகையில் வைத்தால் இந்த ஊரில் ஒரு வாரம் பத்து டிகிரி, அடுத்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே. பத்தைத் தாண்டினால் அரைத்தூக்கத்தில் விழித்துச் சேமிப்பைத் தின்னும். உறைந்தால் கண் போய்விடும், உயிரும் போகலாம். சீராக 5 டிகிரி தருவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். 95 பவுண்டுக்கு மேசைமேல் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ் வாங்கி, ஆமை போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வெறுமனே ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொண்டேன். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை உள்ளே அடுக்கினால் வெப்பம் தாவாது. முதல் குளிர்காலம் உறங்க வைக்கவில்லை. இரண்டாவதில் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு மூன்று வாரம் தீனியை நிறுத்தி, தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிக்க வைத்து, குடல் காலியான பின் மண் நிரப்பிய டப்பாவோடு உள்ளே வைத்தோம். ஆறு வாரம். தினமும் ஒருமுறை கதவைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை எடை. உள்ளே போகும்போது 186 கிராம், வெளியே வந்தபோது 183.

அந்த ஆறு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் மதிப்புரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னபோது, "ஆமை புகுந்த வீடு விளங்காதுன்னு சொல்வாங்க, நீ அதை ஃபிரிட்ஜில வேற வச்சிருக்கியா?" என்றார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி, "எழுந்துட்டாரா?"

மொத்தம் கூட்டினால் ஆமைக்கு 150, வீணாய்ப் போன கிட்டுக்கு 185, மற்றதெல்லாம் சேர்த்து 260 பவுண்டு. வாங்குபவர்கள் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: விளக்கும் மேசையும் முதலில், ஆமை கடைசியில். கண்ணாடித் தொட்டி சமையலறை ஜன்னலில் இருக்கிறது. சுருள் பல்பின் கீழே கொத்தமல்லி நன்றாகவே முளைத்திருக்கிறது.