ஹேண்ட் பிரேக் தளர்ந்தால் முதலில் டிரம்மைத் திறந்து பாருங்கள்

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியில் குடியிருப்பவருக்கு ஹேண்ட் பிரேக் ஆடம்பரம் அல்ல. ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க வீட்டார் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நான் மட்டும் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பேன். என் சிறிய பெட்ரோல் காரில் கொஞ்ச காலம் அந்த நிலைமைதான். லிவரைக் கடைசிப் பல் வரை இழுத்தாலும் வண்டி மெல்லப் பின்னால் நழுவும்.

சர்வீஸ் நிலையத்தில் சொன்னதும் லிவருக்கு அடியில் உள்ள நட்டை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பிடிப்பு வந்தது. கூடவே பின்சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடும் வந்தது. பெட்ரோலும் அதிகம் குடித்தது. சில மாதங்களில் மறுபடியும் தளர்ச்சி.

கடைசியில் அம்பாசிடர் காலத்திலிருந்து தொழிலில் இருக்கும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். "லிவர் கிடக்கட்டுங்க தம்பி, முதலில் பிரேக் பெடலை மிதித்துச் சொல்லுங்கள்" என்றார். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. நோயைக் கண்டுபிடிக்கும் வழியே அதுதான். பெடல் ஆழமாக இறங்கி லிவரும் அதிகம் மேலே வந்தால், சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனருக்கும் (ஷூ என்ற வளைந்த தகட்டில் ஒட்டிய உராய்வுப் பட்டை) இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பெடல் சரியாக இருந்து லிவர் மட்டும் தொளதொளத்தால், லிவரையும் பின்சக்கர பிரேக்கையும் இணைக்கும் கேபிளைச் சந்தேகிக்கலாம். லிவரை இறக்கிய பிறகும் சக்கரம் சுற்ற மறுத்தால், கேபிள் உறைக்குள் துரு ஏறிச் சிக்கியிருக்கக்கூடும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: இறுக்கி வைத்திருந்த நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டார். கேபிள் எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தால் ஷூ முழுதாகப் பின்வாங்காது; இடைவெளியைத் தானே சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. குறையை மூடி மறைக்க இறுக்கிய நட்டே குறையை வளர்க்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இடது டிரம் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. சுற்றிலும் சுத்தியலால் பக்குவமாகத் தட்டித் தட்டிக் கழற்றினார். உள்ளே அட்ஜஸ்டரின் பல்சக்கரம் செம்மண்ணும் லைனர் தூளும் சேர்ந்து இறுகி, விரலால் திருப்பினால் அசையவே இல்லை. வலதுபக்கம் நன்றாகவே இருந்தது. ஆக, வண்டியைப் பிடித்து நிறுத்தியது ஒரே சக்கரம்! லைனரில் தடிமன் இன்னும் மிச்சம் இருந்ததால் மாற்றவில்லை. அந்தத் தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய லைனர்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தார்.

அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை லேசாகத் தடவி, டிரம்மை மாட்டி, பெடலைப் பலமுறை மிதித்து ஷூவை இருப்புக்குக் கொண்டுவந்த பிறகே லிவர் நட்டுக்குப் போனார். லிவரை இழுக்கும்போது கையேட்டில் சொன்ன பல் எண்ணிக்கைக்குள் சக்கரம் இறுகவேண்டும், லிவரை இறக்கினால் தடையின்றிச் சுற்றவேண்டும். இரண்டும் இரண்டு சக்கரங்களிலும் சரியாக இருந்தபின் பூட்டு நட்டைப் போட்டு முடித்தார். கூலி மட்டுமே செலவு.

அதன்பின் தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஓட்டிவிட்டேன். லிவர் அதே உயரத்தில்தான் பிடிக்கிறது. பின்சக்கரச் சூடு போய்விட்டது. வால்பாறை ஏற்றத்தில் நிறுத்தும்போது முதல் கியரிலும், இறக்கத்தில் ரிவர்ஸிலும் விட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். நல்ல ஹேண்ட் பிரேக் இருந்தாலும் கியரில் போடுவதைத் தவிர்ப்பதற்கில்லை. மழையில் நனைந்த காரைச் சமதளத்தில் பல நாள் நிறுத்துவதானால் லிவரை இழுப்பதில்லை. ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கட்டையும் கியரும் போதும்.

ஒரு குறை பாக்கி. வலது கேபிளின் ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் அடுத்த தொல்லை அங்கிருந்துதான் வரும். அதை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாக இருந்தால் இழுவை சமமாக வராது என்பது மெக்கானிக்கின் கட்சி, எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.