பௌலிங் மெஷினுக்கு முன்னால் அரை மணி நேரம்

எங்கள் பகுதியில் பௌலிங் மெஷின் வசதியோடு வாடகைக்குக் கிடைக்கும் ஓர் உள்ளரங்க கிரிக்கெட் நெட் பயிற்சிக் கூடத்தைப் பற்றிய மதிப்புரை இது. வார இறுதி லீக்கில் ஆடுபவர்களும், பள்ளி அணியில் இடம்பிடிக்கத் துடிக்கும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரும் அரை மணி நேரக் கணக்கில் முன்பதிவு செய்துகொள்கிறார்கள். தரை சீராக இருக்கிறது, வெளிச்சம் போதும், வலையில் கிழிசல் இல்லை. அவற்றை இத்துடன் விட்டுவிட்டு, கொடுக்கிற காசுக்கு அங்கே உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடிகிறது என்பதைப் பார்க்கலாம்.

மெஷினின் வேலை எளியது. சுழலும் இரண்டு ரப்பர் சக்கரங்களுக்கு நடுவே நுழையும் பந்து அதே வேகத்தில் வெளியே பாய்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் வேக வித்தியாசம் வைத்து மெஷினின் தலையைச் சாய்த்தால் பந்து உள்ளேயோ வெளியேயோ வளைகிறது. தோல் பந்துக்குப் பதிலாக, மேற்பரப்பெங்கும் சிறு குழிகள் கொண்ட செயற்கைப் பந்தைப் பயன்படுத்துகிறார்கள். அது லைனும் (வரும் திசை) லென்த்தும் (விழும் தூரம்) தவறாமல் வருகிறது. இயக்குபவர் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டுக் குழாயில் விடுகிறார். ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, டிரைவ் (மட்டையை முன்னோக்கி வீசி அடிக்கும் ஷாட்) ஆடுவதற்கென்றே வைத்தாற்போல விழும் பந்து, பத்துப் பதினைந்து முறை வந்த பிறகு மட்டையின் நடுவில் பட்டுத் தெறிக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எல்லோரும் நிறைந்த மனதோடு வீடு திரும்புகிறார்கள்.

உடல் அசைவுகளை நாம் எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் உளவியலாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இந்த நிறைவைத்தான். 1979-இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள், கையில் டென்னிஸ் பந்தைப் பிடித்தபடி சிறு மரத் தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டிவிடும் பயிற்சியைச் சிலருக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் ஒரே வரிசையைத் தொடர்ந்து செய்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போனார்கள். மற்றவர்களுக்கு மூன்று வரிசைகளும் கலைந்து வந்தன. பயிற்சி நேரத்தில் முதல் பிரிவினரே வேகமாகச் செய்தார்கள். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, தடுமாறித் தடுமாறிப் பழகியவர்கள் முந்திக்கொண்டார்கள். மட்டையாளர்களுக்கு இன்னும் நெருக்கமானது 1994-இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் ஹால் குழுவினர் செய்த ஆய்வு. வேகப்பந்து, வளைபந்து, வேகம் குறைந்த பந்து ஆகிய மூன்றையும் வகைக்குப் பதினைந்தாக அடுக்கி ஆடியவர்கள் ஆறு வாரத்தில் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள். அதே 45 பந்துகளைக் கலந்து ஆடியவர்களின் முன்னேற்றம் சுமார் 57 சதவீதம்.

ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மாணவன் விடையைத்தான் சொல்வான், கணக்கைப் போடமாட்டான். பந்து எங்கே விழும் என்று முன்பே தெரிந்துவிட்டால் மட்டையாளரும் அப்படித்தான் ஆடுகிறார்: நீளத்தைக் கணித்து, முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவெடுத்து, அதற்கேற்ற அசைவை உருவாக்கும் வேலை அவருக்கு இல்லாமல் போகிறது. ஆட்டத்திலோ ஒவ்வொரு பந்துக்கும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும், அதுவும் அரை வினாடிக்குள்.

இந்தக் கூடத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இங்கு மெஷினை இயக்கும் இளைஞர். அவர் முதல் சில பந்துகளுக்குப் பிறகு, “சார், அதே இடத்துலயே போடவா, மாத்தி மாத்திப் போடவா?” என்று தாமாகவே கேட்கிறார். பெரும்பாலோர் அதே இடம் என்கிறார்கள். மாற்றிப் போடச் சொல்லுங்கள். சக்கர வேகத்தை மாற்ற அவருக்குச் சற்று நேரமாகும், பந்துகளின் எண்ணிக்கை குறையும், விளிம்பில் பட்டுப் போவதும் கூடும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் வீண்போகாது. மட்டையை இப்போதுதான் பிடித்திருக்கும் சிறுவர்கள் மட்டும் விதிவிலக்கு. திறன் கற்றலுக்கு உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் வகுத்த மூன்று கட்டங்களில் முதலாவதில், காலை எங்கே வைப்பது, கையை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்து யோசித்தே செய்யும் நிலையில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சில வாரங்கள் ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் விழும் பந்து நல்ல துணை.

எந்த அமைப்பை வைத்தாலும் மெஷினால் தரமுடியாத ஒன்று உண்டு: பந்துவீச்சாளர். நல்ல மட்டையாளர் ஓட்டத்தையும் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார். 2007-இல் இயன் ரென்ஷா குழுவினர் ஒரே வேகத்தில் மனிதரையும் மெஷினையும் பந்து வீசவைத்து ஒப்பிட்டபோது, முன்கால் அடியும் மட்டையின் பின்வீச்சும் இணையும் விதமும் நேரமும் வேறாக இருந்தன. அதாவது மெஷின் முன் ஆடிப் பழகும் டிரைவ், களத்தில் ஆடும் டிரைவின் உடன்பிறப்பே தவிர அதுவே அல்ல. பந்து புறப்பட்ட பிறகு நடப்பதற்கு மெஷின் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். மட்டையாளரின் கண், பந்தை விட்டு அது விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவுகிறது என்றும், திறமை கூடியவரிடம் அந்தத் தாவல் சீக்கிரமே நிகழ்கிறது என்றும் லேண்டும் மெக்லியோடும் 2000-இல் காட்டியது மெஷின் வீசிய பந்துகளைக் கொண்டுதான்.

ஆஸ்திரேலியாவின் பௌரல் ஊரில், பின்னாளில் பெரும் மட்டையாளரான பிராட்மேன் சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பின்புறத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, எப்படித் திரும்பும் என்று தெரியாத அதை ஸ்டம்பால் அடித்துப் பழகினார். ஒவ்வொரு முறையும் விடையை அல்ல, விடை காணும் முயற்சியையே திரும்பச் செய்வதுதான் பயிற்சி என்று ரஷ்ய உடலியலாளர் பெர்ன்ஷ்டைன் வாதிட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கூடத்தில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் உங்கள் ஷாட்டைத் திரையில் உடனே காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் வெளியிலிருந்து பின்னூட்டம் வந்துகொண்டே இருந்தால், கற்பவர் தம் கையில் உணர்வதைக் கவனிக்காமல் அதையே சார்ந்துவிடுகிறார் என்று சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984-இலேயே எச்சரித்தார்கள். ஓவருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அணைத்துவைக்கச் சொன்னால் அணைத்துவிடுகிறார்கள்.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை. அரை மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடமாவது, சைடுஆர்ம் (பந்தை வேகமாக எறிய உதவும் நீண்ட கைப்பிடிக் கருவி) கொண்டு ஓடிவந்து பந்தை எறிய ஓர் ஆளை நிறுத்துங்கள். இந்திய அணியே நெட்டில் இதைத்தான் செய்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் வைத்தாலும் நான் கொடுக்கத் தயார்.