பழைய அனலாக் செல்போனுக்கு வீட்டிலேயே டவர்: ரெண்டு வயர்லெஸ் செட்டா, எஸ்டிஆரா?

குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஒருவராவது போகாத தெரு குறைவு. அவர்கள் பெட்டியோடு வந்து, இங்கே ஒரு தடவைகூட மணியடிக்காமல் பரணில் கிடக்கும் செங்கல் சைஸ் போன்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. இங்கே அது எடுக்காததற்கு போன் பழுது என்று அர்த்தமில்லை. இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியதே ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் முறையில்தான். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினாரே, அதுவே ஜிஎஸ்எம் அழைப்பு. சவூதியிலோ 1981-லேயே என்எம்டி-450 என்ற அனலாக் முறை வந்துவிட்டது. அமெரிக்காவில் 1983-ல் ஆம்ப்ஸ், பிரிட்டனில் 1985-ல் டாக்ஸ், இவையும் அனலாக்தான். அந்த டவர்கள் எல்லாம் போய்விட்டன, போன் மட்டும் மிச்சம்.

ஆனால் டவர் செய்த வேலையை இன்று ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் செய்துவிடும். ஆஸ்மோகாம் அனலாக் என்ற இலவச மென்பொருளில் ஆம்ப்ஸ், டாக்ஸ், என்எம்டி, ஜெர்மனியின் சி-நெட்ஸ் எல்லாமே இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நடுவில் ரேடியோவாக எதை வைப்பது என்பதுதான் கேள்வி: பழைய வயர்லெஸ் செட் ரெண்டா, எஸ்டிஆரா (மென்பொருள் இயக்கும் ரேடியோ போர்டு)?

உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ப்ளூடூத் போர்டை வைப்பதும் ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாற்பது வருடம் தாக்குப்பிடித்த ஒரு ரேடியோவைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் கூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் உங்கள் கையில் இருக்கும் போன் எந்த வகை என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். என்எம்டி-450 என்றால் போன் 453 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்பும், 463 பக்கம் கேட்கும் (நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் மாறும்). சிக்னலிங் (போனும் டவரும் தங்களுக்குள் பரிமாறும் தகவல்) வேகம் 1200 பாட், அதாவது நொடிக்கு 1200 பிட்; குரலின் டீவியேஷன் (குரலுக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸுக்குள். அதாவது சாதாரண யூஎச்எஃப் வயர்லெஸ் செட்டின் அளவுக்குள் அடங்கிவிடும். அதனால் பழைய செட் ரெண்டு, ஒன்று அனுப்ப, ஒன்று கேட்க, அப்புறம் ஒரு சவுண்ட் கார்டு, இவ்வளவு போதும். மைக் ஜாக்கிலும் ஸ்பீக்கரிலும் மட்டும் இணைத்துவிடாதீர்கள். அழைப்பு இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்க என்எம்டி 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு டோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். செட்டின் ஸ்பீச் ஃபில்டர் 3 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும், அதனால் அழைப்பு அறுந்துவிடும். கேட்கும் பக்கம் டிஸ்க்ரிமினேட்டரிலிருந்து (ரேடியோ அலையிலிருந்து குரலைப் பிரிக்கும் பகுதி) நேராக ஒயர் எடுக்க வேண்டும், அனுப்பும் பக்கம் மாடுலேட்டருக்கு (குரலை அலையில் ஏற்றும் பகுதி) நேராகக் கொடுக்க வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போட்டிலிருந்து கழற்றிய செட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது 156 மெகாஹெர்ட்ஸ் மரைன் செட், 460-க்கு ஏறாது. இன்னொன்று, டவர் என்றால் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த செட்டுகளோ பட்டனை அழுத்தி ஒரு நிமிடம் பேசுவதற்காகச் செய்தவை. குறைந்த பவரில் வைத்து, பின்னால் ஒரு ஃபேனும் போட்டால்தான் தாங்கும்.

சரி, போன் ஆம்ப்ஸ் என்றால்? செட் வழி அடைபட்டுவிடுகிறது. சிக்னலிங் நொடிக்கு 10,000 பிட், குரலுக்கு டீவியேஷன் 12 கிலோஹெர்ட்ஸ். சாதாரண செட்டில் இது நுழையாது. எஸ்டிஆர்தான் வேண்டும், அதிலும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டே கேட்கக்கூடியது வேண்டும். எஸ்டிஆர் வகைகளில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் கேட்க மட்டும்தான். ஹேக்ஆர்எஃப் ரெண்டும் செய்யும், ஆனால் மாற்றி மாற்றித்தான், அதனால் அதுவும் ஆகாது. லைம்எஸ்டிஆர், யூஎஸ்ஆர்பி பி200, ப்ளூட்டோ மூன்றும் சரிவரும். ப்ளூட்டோவில் மட்டும் கடிகாரத்தை (அலைவரிசையை நிர்ணயிக்கும் கிறிஸ்டல்) கவனியுங்கள். அதன் துல்லியம் 25 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 25 பங்கு) என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆம்ப்ஸின் 334-ம் சேனல் 880.02 மெகாஹெர்ட்ஸ், அதில் 25 பிபிஎம் என்றால் 22 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகலாம். சேனலே 30 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். போன் உங்கள் டவரைக் காணாமல் தேடிக்கொண்டே இருக்கும், நீங்கள் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள். அளவு பார்த்துத் திருத்தம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

எஸ்டிஆரின் பெரிய சுகம், உள்ளே நடப்பது முழுக்கத் திரையில் தெரிவது. போனிலிருந்து எந்த நம்பரையாவது அடித்தால் போதும், அந்தப் போனின் சொந்த பத்து இலக்க நம்பர் கம்ப்யூட்டரில் வந்துவிடும். அதற்கு நீங்கள் திரும்ப அழைத்தால், மணியடிக்கும்போது போன் 10 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். எடுத்ததும் அது நிற்கும், எடுத்துவிட்டார்கள் என்று டவர் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். 'ரோம்' விளக்கு (வெளி நெட்வொர்க்கில் இருப்பதைக் காட்டுவது) எரிந்துகொண்டிருந்தால், மென்பொருளில் சிஸ்டம் ஐடியை (நெட்வொர்க்கின் அடையாள எண்) போனில் பதிந்திருப்பதற்குச் சரியாக மாற்றுங்கள், அணைந்துவிடும்.

எந்த வழியானாலும் ஆன்டெனா மாட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஆம்ப்ஸ் ஓடிய அதே 850 பட்டையில் இன்று இங்கே ஃபோர்ஜி ஓடுகிறது. டாக்ஸ் இருந்த 900-லும் செல்போன் நெட்வொர்க்குகள்தான். உரிமம் இல்லாமல் காற்றில் அனுப்புவது குற்றம். ஹாம் லைசென்ஸும் (பொழுதுபோக்கு ரேடியோ உரிமம்) உதவாது, அதில் இந்தப் பக்கம் கிடைப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எல்லாமே கேபிளுக்குள் நடக்கட்டும். கார் போன், பை போன் என்றால் ஆன்டெனா சாக்கெட் இருக்கும், வேலை சுலபம். 3 வாட் போன் என்றால் 35 டிபிஎம் (ரேடியோ பவரின் அலகு), நேராக எஸ்டிஆருக்குள் விட்டால் போர்டு போய்விடும். போன் பக்கம் 3 வாட் தாங்கும் 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைப்பது), அப்புறம் ஒரு ஸ்ப்ளிட்டர் (ரெண்டாகப் பிரிப்பது, அதில் 3 டிபி குறையும்), அனுப்பவும் கேட்கவும் போகும் அதன் ரெண்டு கிளையிலும் இன்னொரு 30 டிபி. எஸ்டிஆருக்கு மைனஸ் 28 டிபிஎம் அளவில் போய்ச்சேரும், அது நல்ல அளவு.

என் தீர்ப்பு இதுதான். என்எம்டி-450 கையில் இருந்து, சால்டரிங்கில் கை பழகியிருந்தால் ரெண்டு செட் வழியையே எடுங்கள், ஒவ்வொரு ஒயரும் எதற்கு என்று புரிந்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் எஸ்டிஆர். ஆன்டெனாவைக் கழற்ற முடியாத கைப்போன் என்றால் மூடி இறுக்கமாகப் பொருந்தும் தகரப் பெட்டிக்குள் போனை வையுங்கள், மூடி விளிம்பில் செப்பு டேப் ஒட்டுங்கள், பெட்டிக்கு வெளியே ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆரை வைத்து ஏதும் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அதை அடைத்த பிறகு டயல் செய்யுங்கள்.