மழைநீர்த் தொட்டிக்குக் காவல் எது? சல்லடை, முதல்நீர்ப் பீப்பாய், மணல் பெட்டி: ஓர் அலசல்

மழைநீரைத் தரைத்தொட்டியில் பிடித்துவைக்க விரும்புபவர் கடைக்குப் போய் "ஒரு ஃபில்டர் கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து நீட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த அழுக்கைத் தடுக்க வேண்டும் என்று கேட்டவரே சொல்லவில்லை.

சென்னை வீட்டு மொட்டை மாடியில் இரண்டு வகை அழுக்கு சேர்கிறது. வேப்பஞ்சருகு, பெருங்கொன்றைப் பூ, காற்றில் பறந்து வந்த பாலிதீன் பை எல்லாம் ஒரு வகை. இவை சல்லடையில் நிற்கும். சாலைப் புழுதி, தட்டோட்டு இடுக்கிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்பு, காய்ந்த புறா எச்சம், தீபாவளிக்கு மறுநாள் தளமெங்கும் கிடக்கும் வெடிமருந்துக் கரி ஆகியவை இன்னொரு வகை. தண்ணீரில் கரைந்தும் கலங்கியும் ஓடிவரும் இவற்றுக்குச் சல்லடை ஒரு பொருட்டே இல்லை. முதல் வகையால் தொட்டி நாறும், குழாய் அடைக்கும். இரண்டாவது வகையால்தான் தண்ணீர் கெடும். விற்பனையில் உள்ள ஒவ்வொரு கருவியையும் இந்த இரண்டில் எதற்கு உதவும் என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 93 லிட்டர். ஐப்பசியில் மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழை சென்னைக்குப் புதிதில்லை. அப்போது அந்த மாடியிலிருந்து மணிக்கு 4,650 லிட்டர் இறங்கும். தூறலில் அழகாக வேலை செய்து, இந்த வெள்ளத்தில் திணறும் கருவிகள் ஏராளம்.

சல்லடை

மலிவு, எளிமை, உடனடிப் பலன் மூன்றிலும் சல்லடைக்கு ஈடில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். மாடியில் தண்ணீர் இறங்கும் வாயிலேயே கொசுவலை போன்ற பொடிக்கண் வலையைக் கட்டிவிடுகிறார்கள். நான்கு வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதன்மேல் படிந்தால் போதும், தண்ணீர் தளத்தில் குளமாக நிற்கும். குப்பையைத் தடுக்கப் போய்க் கூரை ஒழுகத் தொடங்கும். கடையில் கிடைக்கும் தட்டையான ஜாலிக்கும் இதே கோளாறு. மாடி வாய்க்கு ஏற்றது குமிழ் வடிவ ஜாலி. கண் அகலமாக, விரல் நுழையும் அளவுக்கு இருக்கலாம். அடியில் சருகு சேர்ந்தாலும் மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

பொடிக்கண் சல்லடையின் இடம் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில், இறங்குகுழாயின் நடுவே. குழாயை வெட்டி, சரிவாக ஓர் எவர்சில்வர் வலையைப் பொருத்தினால், தண்ணீர் வலைக்குள் இறங்க, சருகு சறுக்கி வெளியே விழும். கண்ணுக்கு எதிரே இருப்பதால் அடைத்திருக்கிறதா என்று நடந்து போகும்போதே தெரியும். பெருமழையில் கொஞ்சம் தண்ணீர் வெளியே தெறிக்கும், தெறிக்கட்டும். முருங்கை மரம் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அந்தப் பொடி இலை எந்தச் சரிவிலும் சறுக்காது, வலையில் அப்பிக்கொள்ளும். கிளையைக் கழிப்பது தவிர வேறு வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஓட்டு வீடும் தகரக் கூரையும் உள்ளவர்களுக்குப் பீலியின் (கூரை விளிம்பில் நீர் ஓடும் காடியின்) மேல் போடும் வலைமூடிகள் கிடைக்கின்றன. ஏணி வைத்து ஏறிச் சுத்தம் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் வாங்கலாம்.

துணி

கூரைக் குழாயின் கீழே அண்டாவை வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டி மழைநீர் பிடித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. துணியை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. பழைய சேலையை நான்காக மடித்துக் குடிநீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா பாதியளவுக்குக் குறைந்திருந்தது. பொடிக் கண் வலையில் நிற்காததும் பழந்துணியில் நிற்கும். ஆனால் அது குடத்துக்கான வேலை. மணிக்கு 4,650 லிட்டர் பாயும் குழாய் வாயில் துணியைக் கட்டினால் சில நிமிடங்களில் சேறு அப்பி, பை போல் உப்பி, கட்டு அறுந்து, துணியோடு சேறும் தொட்டிக்குள் போகும். குடிக்க எடுக்கும் தண்ணீருக்குக் கடைசியில் துணி நல்லது; தொட்டி வாசலில் வேண்டாம்.

முதல்நீர்ப் பீப்பாய்

கரைந்து வரும் அழுக்குக்கு ஒரே மருந்து, அதை உள்ளேயே விடாதிருப்பது. மழையின் தொடக்கத்தில் தளத்தைக் கழுவிக்கொண்டு இறங்கும் தண்ணீரைத் தனியே பிரித்துவிட்டால், பின்னால் வருவது பெரும்பாலும் தெளிந்த நீர். இறங்குகுழாயில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, முதலில் வரும் தண்ணீர் கீழேயுள்ள பீப்பாய்க்குப் போகும்படி செய்வார்கள். பீப்பாய் நிறைந்ததும் உள்ளே மிதக்கும் பந்து மேலேறி வாயை அடைக்கும். அதன்பின் வருவது தொட்டிக்குத் திரும்பும்.

இதில் ஏமாற்று எங்கே என்றால், அளவில். நான்கு அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். முதல்நீர் பிரிப்பான் என்று மூன்றடிக் குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனால், 1000 சதுர அடி மாடிக்கு அது மழையின் முதல் 0.1 மி.மீ.ஐக்கூடப் பிடிக்காது. வெறும் சடங்கு. குறைந்தது 1 மி.மீ., புறாக்கள் குடியிருக்கும் மாடியென்றால் 2 மி.மீ. மழையையாவது ஒதுக்க வேண்டும். அதாவது 100 முதல் 200 லிட்டர். மூடி இறுக்கமான நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றே போதும்.

பீப்பாயைக் காலி செய்வது அடுத்த சிக்கல். அடியில் குழாய் வைத்துக் கையால் திறப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்குப் பழைய அழுக்கு நீரோடு பீப்பாய் நிறைந்தே நிற்கும், புது அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். அடிமூடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில் கசிந்து சில மணி நேரத்தில் தானே காலியாகும். மழை நேரத்தில் அந்தக் கசிவு வீண்தானே என்று கேட்கலாம். 4,650 லிட்டர் வரும் மணியில் 60, 70 லிட்டருக்காகக் கணக்குப் பார்ப்பவரோடு எனக்கு வழக்கில்லை. அந்தத் துளையைச் சேறு அடைக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். பந்து உட்காரும் வாயில் ஓர் இலைக்காம்பு சிக்கினாலும் அடைப்பு சரியாக விழாது. ஆகவே பீப்பாய்க்கு முன்னால் சல்லடை இருந்தே தீர வேண்டும். பீப்பாய் இல்லாத சல்லடை அரைப் பலன் தரும்; சல்லடை இல்லாத பீப்பாய் இரண்டாவது பருவத்தைத் தாண்டினால் ஆச்சரியம்.

மணல் பெட்டி

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு என்றதும் பலர் மனதில் எழும் படம், செங்கல் கட்டிய ஒரு பெட்டி: அடியில் ஜல்லி, நடுவில் கூழாங்கல், மேலே மணல். 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தபோது ஊரெங்கும் கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் ஏற்பாடுகள். அந்த வேலைக்கு மணல் பெட்டி பொருத்தமானது. கீழே மண் இருக்கிறது, மிச்சத்தை அது வடிகட்டிக்கொள்ளும். அதே பெட்டியை அப்படியே தரைத்தொட்டிக்கு முன்னால் கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

குடிநீர் வாரியங்களின் விரைவு மணல் வடிகட்டி, ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 5,000 லிட்டர் அளவில் தண்ணீரை விடும். அதையும் அடிக்கடி கீழிருந்து மேலாக நீர் செலுத்திக் கழுவுகிறார்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டி அந்தக் கணக்கில், மணல் புத்தம்புதிதாக இருக்கும்போதே, மணிக்கு 1,850 லிட்டர்தான் விடும். நம் மாடியிலிருந்து வருவது அதைப்போல் இரண்டரை மடங்கு. மிச்சம் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வழியும், அல்லது கொத்தனார் 'பாதுகாப்புக்கு' வைத்த மேல்குழாய் வழியாக வடிகட்டப்படாமலே தொட்டிக்குப் போகும். பெட்டியைப் பெரிதாக்கலாம், இடம் வேண்டும். மணலை ஆண்டுக்கு ஒருமுறை அள்ளிக் கழுவலாம், ஆள் வேண்டும். கழுவாத மணலில் அழுகிய சருகும் மண்புழுவும் சேர்ந்தபின் உள்ளே போன நீரைவிட வெளியே வரும் நீர் மோசமாக இருக்கும். நடுவே கரி போடச் சொல்பவர்கள், அதை எப்போது மாற்றுவது என்பதைச் சொல்வதில்லை.

வாங்கும் கருவிகள்

குழாயோடு பொருத்தும் ஆயத்தக் கருவிகளில் இரண்டு வகை கவனிக்கத்தக்கவை. ஜெர்மனியில் பரவலான சுழல் வகையில், குழாய்ச் சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் நீர் பக்கவாட்டு வலை வழியாக வெளியேற, குப்பை கொஞ்சம் தண்ணீரோடு நடுவே கீழே விழுந்துவிடும். வலையின் கண் அரை மி.மீ.க்கும் குறைவு. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் நம் ஊர்ப் பெருமழையில் குழாய் நிறைந்து பாயும்போது சுவரை ஒட்டிய ஓட்டம் குலைந்து, குப்பையோடு போகும் தண்ணீரின் பங்கு கூடும். மற்றது, பெங்களூருவின் ஏ. ஆர். சிவகுமார் வடிவமைத்த பாப்-அப் வடிகட்டி. அடைத்துக்கொண்டால் நீரழுத்தத்தில் வடிகட்டிப் பகுதி மேலே எழும்பிவிடும்; தண்ணீர் மாடியில் தேங்காது, அடைப்பும் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். பழுதை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும் கருவி என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம். இரண்டு வகையும் கரைந்த புறா எச்சத்தைத் தடுக்காது, அதற்குப் பீப்பாய்தான்.

ஆக, தனி வீட்டுக்கு என் தேர்வு: மாடியில் குமிழ் ஜாலி, கீழே சரிவுச் சல்லடை, அதன்பின் 200 லிட்டர் பீப்பாய். மிச்சப் பணத்தில், தொட்டிக்குள் இறங்கும் குழாயின் நுனியை அடியில் மேல்நோக்கி வளைத்துவிடலாம். விழும் நீர் அடிவண்டலைக் கிளறாது. கார்த்திகையில் விடாமல் பெய்யும் நாட்களில் மாடி ஏற்கெனவே கழுவப்பட்டிருக்கும், பீப்பாயைப் பற்றிக் கவலை வேண்டாம். சித்திரையின் கோடை மழைக்கும் தீபாவளிக்குப் பின் வரும் முதல் மழைக்கும் மட்டும் தாராளமாக ஒதுக்குங்கள். அதற்கு முந்தைய மாலை துடைப்பத்தோடு மாடிக்கு ஒரு நடை போனால், எந்தக் கருவிக்கும் வேலை பாதியாகும். தீபாவளிக் காகிதத்தைப் பெருக்கி அள்ளலாம். நனைந்து கூழானபின் முடியாது.

எந்தக் கூட்டணியைத் தேர்ந்தாலும் நிரம்பி வழியும் குழாயை மறக்கக் கூடாது. உள்ளே வரும் வழிக்குக் காவல் வைத்துவிட்டு வெளியேறும் வழியைத் திறந்துபோட்டால், எலியும் பல்லியும் அந்த வழியாக நுழையும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும், சென்னையின் மலேரியாக் கொசுவான அனோபிலஸ் ஸ்டீபன்சியும் முட்டையிட இதைவிட நல்ல இடம் தேடாது. அந்தக் குழாய் உள்வரும் குழாய்க்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். அதன் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். தெளிந்த நீர் மட்டுமே வெளியேறும் இடம் என்பதால், பொடிக்கண் வலை இங்கே எளிதில் அடைக்காது.