ஷூ ரேக் சாயாமல் இருக்க: ஒட்டும் பட்டையா, ஸ்க்ரூவா?

பெங்களூரு வாடகை வீடுகளில் வாசல் நடை ஒடுக்கம் என்பதால், உயரமான, ஆழம் குறைந்த ஷூ ரேக்கைத்தான் வாங்குகிறோம். மேல் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்போது ஒரு குழந்தை பிடித்துத் தொங்கினால் போதும், கவிழ்ந்துவிடும். வீண் பயமில்லை இது. 2016இல் அமெரிக்காவில் ஐக்கியா சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது, அப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகுதான்.

ரேக்கைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் ஒட்டும் பட்டைக்கு டிரில் வேண்டாம், வீட்டுக்காரர் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் அது பிடித்திருப்பது சுவரை இல்லை, பெயிண்டை. டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பலமாக இழுத்தால் புட்டியோடு உரிந்து வரும். முழங்கால் உயர ரேக்குக்குச் சரி, அதற்கு மேல் நான் நம்பமாட்டேன்.

ஸ்க்ரூ வழிக்கு எல் கிளாம்ப், அதாவது ரேக்கையும் சுவரையும் இணைக்கும் 'L' வடிவ உலோகத் துண்டு. அதற்குச் சுவரில் துளை, துளைக்குள் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும் பிளக், ஸ்க்ரூ. துளை பூச்சோடு நிற்கக்கூடாது, செங்கல்லுக்குள் போகவேண்டும். உள்ளே வெற்றிடம் இருக்கும் ஹாலோ பிளாக் சுவருக்கு உள்ளே விரிந்து பிடிக்கும் பிளக் கேட்டு வாங்குங்கள். ரேக்கின் பின்பக்கம் இருக்கும் மெல்லிய அட்டையில் மாட்டிப் பயனில்லை. மேல்பலகையிலோ பக்கப்பலகையிலோ முடுக்குங்கள். அப்புறம், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், உள்ளே வயர் ஓடும்.

அட்வான்ஸில் கைவைப்பார்களே என்றால், காலி செய்யும்போது பெயிண்டிங் என்று எப்படியும் பிடிக்கத்தான் போகிறார்கள். அந்த இரண்டு துளைகளைப் புட்டி வைத்து அடைத்துவிடலாம். என் ஓட்டு ஸ்க்ரூவுக்கே.