வைஃபை வரைபடத்தின் புள்ளிகள் என்ன சொல்கின்றன? விகிள் செயலியுடன் ஒரு நெடுநாள் அனுபவம்

ஆர்வலர்கள் பதிந்த வைஃபை நெட்வொர்க்குகளைக் காட்டும் விகிள் (WiGLE) வரைபடத்தைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: ஒவ்வொரு புள்ளியும் ஒரு ரவுட்டர், புள்ளி விழுந்திருக்கும் வீடுதான் அதன் வீடு. சில ஆண்டுகளாக இதற்குப் பதிவு சேர்க்கும் விகிள் செயலியைக் கைப்பேசியில் ஓடவிட்டபடி சென்னைத் தெருக்களில் நடந்தும் பஸ்ஸில் சென்றும் வருகிறேன். இப்படிச் சுற்றி வந்து வைஃபை சிக்னல்களைப் பதியும் வார்டிரைவிங்கில் ஆர்வம் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள் என்பதுதான். யாரோ ஒருவர் தெருவில் போனபோது எந்தெந்த இடங்களில் அந்த சிக்னல் கேட்டது என்பதை வைத்துப் போட்ட கணக்கின் விடைதான் புள்ளி. இது பிடிபட்டுவிட்டால் மற்ற எல்லாமே தெளிவாகும்.

ரவுட்டர் ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 10 முறை தன்னைப் பற்றிய அறிவிப்பை வானில் விடுகிறது. தன் பெயர், தன்னை அடையாளம் காட்டும் மேக் முகவரி என்ற எண், எந்தச் சேனல், என்ன பாதுகாப்பு என்பவை அதில் இருக்கும். செயலி அதைக் கேட்டு, அந்த நொடியில் கைப்பேசி நிற்கும் ஜிபிஎஸ் இடத்தையும் சிக்னலின் வலிமையையும் சேர்த்து எழுதி வைக்கிறது. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. இப்படி உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் 2001 முதல் அனுப்பிவரும் பதிவுகளின் தொகுப்புதான் விகிள். அதில் சேர்ந்த நெட்வொர்க்குகள் 100 கோடியைத் தாண்டிவிட்டன. ஆப்பிள் கைப்பேசிகளில் இந்த வேலை நடக்காது, ஆண்ட்ராய்டு வேண்டும்.

ஒரே நெட்வொர்க் பல இடங்களில் கேட்டிருந்தால், விகிள் அந்த இடங்களின் சராசரியை எடுக்கிறது. வலுவாகக் கேட்ட இடத்துக்குக் கூடுதல் எடை. சிக்னல் வலிமையின் வர்க்கமே அந்த எடை. இங்கேதான் வரைபடத்தின் சுவாரசியம் எல்லாம் ஒளிந்திருக்கிறது. நேரான ஒரு தெருவில் மட்டும் நடந்தால், கேட்ட இடங்கள் அனைத்தும் ஒரு கோட்டின் மேல் இருக்கும். கோட்டின் மேலுள்ள இடங்களின் சராசரி அந்தக் கோட்டை விட்டு நகராது. அதனால் இருபுற வீடுகளின் ரவுட்டர்களும் நடுச்சாலையில் வரிசையாக நிற்பதுபோல் தெரியும். அதே குடியிருப்பை நான்கு தெருவழியாகவும் சுற்றி வந்தால் புள்ளிகள் சாலையை விட்டு விலகி மனைகளுக்குள் போகின்றன. இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மயிலாப்பூரைத்தான் சொல்வேன். கபாலீசுவரர் கோயிலையும் குளத்தையும் சேர்த்து மாட வீதிகள் வழியாக ஒரு வலம் வந்து, தனி ஒரு தெருவில் மட்டும் நடந்த பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளத்தின் மேல் சிக்னலை மறிக்கச் சுவர் இல்லை. ஒரு கரையிலுள்ள ரவுட்டர் எதிர்க்கரையிலும் மெலிதாகக் கேட்டுவிடும். இரு கரைகளின் பதிவும் சேரும்போது சில புள்ளிகள் தண்ணீர்ப் பக்கம் இழுபடுகின்றன. குளத்தில் யாரும் ரவுட்டர் வைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது.

உயரமும் அதற்குத் தெரியாது. பத்து மாடிக் குடியிருப்பின் அத்தனை ரவுட்டர்களும் வாசல் கேட்டருகே ஒரே குவியலாக விழும். எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். இன்றைய ரவுட்டர் ஒன்றே 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று எனப் பல முகவரிகளில் அறிவிக்கிறது. கடைசி எண்கள் அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலும் அவை ஒரே பெட்டியைச் சேர்ந்தவை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது என்பதால், தெருவிலிருந்து கேட்பவருக்கு அந்த அலைவரிசை எப்போதும் குறைவாகவே தெரியும்.

சிக்னல் எண்களும் புதியவர்களைக் குழப்புகின்றன. சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டுவார்கள். மைனஸ் 50 டிபிஎம் நல்ல வலிமை. மைனஸ் 90 என்பது அணையும் நிலை. 10 எண் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே மைனஸ் 60க்கும் மைனஸ் 80க்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கு. செயலியின் மேற்பகுதியில் "புதியது" என்று காட்டும் எண் உங்கள் கைப்பேசிக்குப் புதியது மட்டுமே. உலகத் தொகுப்பில் நீங்கள்தான் முதலில் கண்டீர்களா என்பது பதிவேற்றிய பிறகுதான் தெரியவரும்.

வேகத்தைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்வேன். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலி 2 நிமிடத்துக்கு 4 முறைதான் வைஃபை தேட முடியும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பஸ் 30 நொடியில் 300 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. அதற்குள் எத்தனை சந்துகள், எத்தனை வீடுகள்! ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் அமைப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதை நிறுத்தாமல் எடுத்த பஸ் பயணப் பதிவில் பெரிய இடைவெளிகள் இருக்கும். அவற்றை நெட்வொர்க் இல்லாத பகுதிகள் என்று படிப்பது தவறு. பெரிய வரைபடத்துக்கும் இதே பாடம்தான். நெடுஞ்சாலைகள் ஒளிக்கோடுகளாகவும் ஊர்கள் வெற்றிடமாகவும் தெரிந்தால், அந்த ஊருக்குள் செயலியோடு யாரும் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். நான் நடப்பதையே விரும்புகிறேன். ஒரு மணி நேர நடையில் கிடைக்கும் பதிவின் தரம், பஸ்ஸில் வாராது.

பாதுகாப்பு விவரத்தை அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. டபிள்யூஇபி (WEP) என்ற பழைய பூட்டு முறை இருந்தால் அது உண்மையிலேயே கவலைக்குரியது; அந்த முறையின் பலவீனம் 2001லேயே வெளியாகிவிட்டது. அதற்குப் பிந்தைய பூட்டு முறைகளில் டபிள்யூபிஏ2 2004இல் வந்தது, டபிள்யூபிஏ3 2018இல். ஆனால் "திறந்தது" என்று காட்டும் எல்லாமே கவனக்குறைவால் திறந்து கிடப்பவை அல்ல. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில் நிலைய வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள்: அறிவிப்பில் பூட்டு இல்லை, இணைந்த பிறகு கைப்பேசி எண்ணைக் கேட்கிறது. வரைபடத்தில் அந்த இரண்டாம் கதவு தெரியாது.

எல்லை எது என்பதிலும் எனக்குத் தயக்கமில்லை. பொதுவில் ஒலிக்கும் அறிவிப்பைக் கேட்டுக் குறிப்பது இந்தப் பொழுதுபோக்கு. அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதியின்றி இணைவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கூகுளின் தெருக்காட்சிக் கார்கள், பூட்டில்லாத நெட்வொர்க்குகளில் போய்க்கொண்டிருந்த தகவல்களையே சேகரித்தது 2010இல் வெளிவந்து பல நாடுகளில் விசாரணை நடந்தது. விகிள் செயலி அறிவிப்போடு நின்றுவிடுகிறது. அதனால்தான் என்னால் மனநிறைவோடு இதைப் பரிந்துரைக்க முடிகிறது. அப்படியும், மக்கள் ரவுட்டருக்குத் தங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் வைக்கிறார்கள். பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டிலிருந்தே பதிவைத் தொடங்காமல் தெருமுனையில் தொடங்குங்கள். நீங்கள் வசிக்கும் இடத்தை உங்கள் பதிவே காட்டிக்கொடுத்துவிடும்.

கைப்பேசி சூடாகும், மின்கலம் வேகமாக இறங்கும். பவர் பேங்க் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. கொஞ்சம் பழகியபின் பதிவைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக எடுத்து கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒரே மேக் முகவரியை மட்டும் வடிகட்டி, கேட்ட இடங்களுக்குச் சிக்னல் வலிமைப்படி நிறம் கொடுங்கள். அந்த இடங்கள் ஒரு கட்டிடத்தைச் சுற்றி நின்றால் அது வீட்டு ரவுட்டர். கிண்டியில் சில, தாம்பரத்தில் சில என்று சிதறிக் கிடந்தால் அது யாருடைய கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோ, காரோ. அதற்கு விழும் சராசரிப் புள்ளியை அழித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.